கோடை லீவில் பிள்ளைகளை என்ன செய்வது? மாடிப்படியில் கேட்ட கேள்விகள்

கடலூர் திருப்பாதிரிப்புலியூரில் எங்கள் வீட்டு மாடியில் ஆறாம் வகுப்பிலிருந்து பத்தாம் வகுப்பு வரை கணக்கும் அறிவியலும் சொல்லிக்கொடுக்கிறேன். பதினாறு வருடமாக இதே மாடி. ஏப்ரல் பாதி தாண்டிவிட்டால் இயற்கணிதத்தைப் பற்றி ஒருவரும் கேட்பதில்லை. செருப்பை மாட்டியபடி, ஒரு கால் படியிலும் ஒரு கால் தெருவிலுமாக நின்று, பெற்றவர்கள் கேட்பதெல்லாம் லீவைப் பற்றித்தான். ஒரே மாலையில் ஒரே பதிலை ஆறு பேருக்குச் சொல்லித் தொண்டை கட்டிய அன்று, இதை எழுதி வைத்துவிடலாம் என்று தோன்றியது.

பன்னிரண்டு முதல் பதினைந்து வயது வரை உள்ள பிள்ளைகளை மனதில் வைத்து எழுதியது. அதைவிடச் சின்னவர்களுக்கு இதில் பாதி பொருந்தாது. கேள்விகளை அவரவர் கேட்டபடியே விட்டிருக்கிறேன்.

"மிஸ், பாண்டியில இருக்குற எங்க அக்கா பசங்களுக்கும் இவனுக்கும் லீவே ஒத்துப்போக மாட்டேங்குது. ஏன்?"

பாடத்திட்டம் வேறு என்பதால். தமிழ்நாட்டுப் பாடத்திட்டப் பள்ளிகளில் ஆண்டுத் தேர்வு ஏப்ரலில் முடிந்து, ஜூனில்தான் அடுத்த வகுப்பு. புதுச்சேரி அரசுப் பள்ளிகள் சிபிஎஸ்இ-க்கு மாறிவிட்டதால் அங்கே புது வகுப்பு கோடைக்கு முன்பே தொடங்கி, நடுவில் லீவு விடுகிறார்கள். இரண்டு வீட்டுப் பிள்ளைகளும் சேர்ந்திருக்க வேண்டுமென்றால் மே மாதத்தைப் பிடியுங்கள். ஏப்ரல் கடைசியில் போய் நின்றால் அங்கே அவர்கள் யூனிபார்முக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருப்பார்கள்.

"மே மாசமும் டியூஷன் உண்டுதானே?"

இல்லை. மாடி தகிக்கும். அது ஒரு காரணம். இன்னொன்று, பத்து மாதம் என் முகத்தையே பார்த்த பிள்ளைக்கும், பத்து மாதம் அதன் முகத்தையே பார்த்த எனக்கும் ஓய்வு வேண்டும். பத்தாம் வகுப்பு போகிறவர்களுக்குக் கீழே தனியாக எழுதியிருக்கிறேன்.

"ஒரு டைம்டேபிள் போட்டுக் குடுங்க மிஸ், சுவத்துல ஒட்டிடறேன்."

ஒட்டலாம். மூன்றாம் நாள் அதன் மேல் காலண்டர் தொங்கும். இந்த ஊரில் நாளைப் பிரிப்பது வெயில்தான், நாம் இல்லை. காலை ஒன்பது வரை வெளியே போகிற வேலை. பதினொன்றிலிருந்து நாலு வரை நிழல். நாலரைக்கு மேல் மறுபடி தெரு, மைதானம், கடற்கரை. கடல் காற்று நண்பகலிலேயே ஊருக்குள் வந்துவிட்டால் பிழைத்தோம். மேற்குக் காற்று அதைத் தடுத்துவிட்ட நாளில் மாலை வரை அனல்தான். மே 4 வாக்கில் தொடங்கி 28 வாக்கில் முடியும் கத்திரியில் இதை இன்னும் கறாராகப் பாருங்கள்.

இதற்குள் நான் கேட்பது ஒன்றே ஒன்று. பிள்ளை தானாகத் தேர்ந்தெடுத்த ஒரு வேலை, லீவு முடிவதற்குள் முடிகிற ஒரு வேலை இருக்கட்டும். பழைய சைக்கிளைப் பிரித்துச் சேர்ப்பது, தாத்தாவிடம் கேட்டுக் குடும்ப மரம் வரைவது, மொட்டை மாடியில் பத்துத் தொட்டிக் கீரை, பதினைந்து சமையல், எதுவானாலும் சரி. நீங்கள் தேர்ந்தெடுத்தால் அது ஹோம்வொர்க் ஆகிவிடும். மீதி நேரம் காலியாகவே கிடக்கட்டும்.

"பத்து நாள் சம்மர் கேம்ப், நாலாயிரம் சொல்றாங்க. ஏழு கலை சொல்லித்தர்றாங்களாம். சேர்க்கலாமா?"

பத்து நாளில் ஏழு கலை என்றால் ஒரு கலைக்கு ஒன்றரை நாள். ஒன்றரை நாளில் சிலம்பத்துக்குக் கம்பு பிடிக்கவே வராது. கடைசி நாள் மேடை, மெடல், போட்டோ, சான்றிதழ் எல்லாம் கிடைக்கும். என் தம்பி மகளிடம் அப்படி ஐந்து சான்றிதழ் இருக்கிறது. ஓவியத்துக்கு வாங்கியதில் அவள் பெயரே தப்பு.

ஒரே ஒன்றைக் கற்றுத்தரும் இடத்தைத் தேடுங்கள். தமிழ்நாடு விளையாட்டு மேம்பாட்டு ஆணையம் ஒவ்வொரு கோடையிலும் மாவட்ட விளையாட்டரங்குகளில் பயிற்சி முகாம் நடத்துகிறது. நமக்கு அண்ணா விளையாட்டரங்கம். அறிவிப்பு பெரும்பாலும் ஏப்ரலில் வரும், எந்தெந்த விளையாட்டு என்று நேரில் போய்க் கேட்டுவிடுங்கள். பாட்டு, பரதம், ஓவியம் என்றால் அரசின் ஜவகர் சிறுவர் மன்றம் இருக்கிறது. தனியார் வகுப்புதான் வசதி என்றால் காசு கட்டும் முன் மூன்று விஷயம் பாருங்கள்: ஒரு ஆசிரியருக்கு எத்தனை பிள்ளைகள், மதியம் மூடிய அறையில் காற்று வருமா, லீவுக்குப் பிறகும் வாரம் ஒருநாள் தொடர முடியுமா. மூன்றாவது இல்லையென்றால் ஜூலையில் எல்லாம் போச்சு.

"காசு செலவில்லாம ஏதாச்சும் சொல்லுங்க."

முதலில் நூலகம். மாவட்ட மைய நூலகத்திலோ, உங்கள் பகுதிக் கிளை நூலகத்திலோ பிள்ளையின் பெயரிலேயே உறுப்பினர் அட்டை எடுங்கள். அட்டை அப்பா பெயரில் இருந்தால் புத்தகத்தையும் அப்பாதான் தேர்ந்தெடுப்பார். என்ன எடுத்து வந்தாலும் ஒன்றும் சொல்லாதீர்கள். பேய்க் கதை எடுத்து வந்தால் பேய்க் கதை.

அடுத்தது, எனக்கு மிகவும் பிடித்தது. ஊரை வரையச் சொல்லுங்கள். ஒரு முழு சார்ட் பேப்பர், ஒரு பென்சில். நடுவில் நம் வீடு. தானே நடந்தோ சைக்கிளிலோ பார்த்த இடத்தை மட்டும்தான் வரையலாம், போனில் பார்த்து வரையக் கூடாது. இங்கே வரைய நிறைய இருக்கிறது. வண்டிப்பாளையம் பக்கம் கரையேறவிட்ட குப்பம் என்று ஒரு இடம். அப்பரைக் கல்லோடு கட்டிக் கடலில் போட்டபோது, அந்தக் கல்லே தெப்பமாகி அவர் கரையேறிய இடம் என்பது ஐதீகம். சித்திரை அனுஷத்தில் அங்கே விழா நடக்கும், அதுவும் லீவில்தான் வருகிறது. தேவனாம்பட்டினத்தில் செயின்ட் டேவிட் கோட்டையின் மிச்சம். 1690-ல் கிழக்கிந்தியக் கம்பெனி மராட்டியரிடமிருந்து வாங்கியது. கோட்டையிலிருந்து பீரங்கி சுட்டால் குண்டு எவ்வளவு தூரம் போகிறதோ அதுவரைக்கும் நிலம் கம்பெனிக்கு என்று ஒப்பந்தம். பீரங்கியைத் திருப்பித் திருப்பிச் சுட்டிருக்கிறார்கள். அப்படிச் சேர்ந்தவைதான் குண்டு கிராமங்கள். குண்டு சாலையில் தினமும் ஷேர் ஆட்டோவில் போகிற பிள்ளைகளிடம் இதைச் சொன்னால் வாயைப் பிளக்கும். குண்டு உப்பலவாடிக்கு ஏன் அந்தப் பெயர் என்று எட்டாம் வகுப்புப் பையன் ஒருவன் என்னிடம் கேட்டதிலிருந்துதான் இந்த வரைபட யோசனையே வந்தது.

கேப்பர் மலை மத்தியச் சிறையையும் வெளியிலிருந்தாவது பார்த்துவிட்டு வரச் சொல்லுங்கள். 1908-லிருந்து பத்து வருடம் பாண்டியில் இருந்த பாரதியார், 1918 நவம்பரில் பிரெஞ்சு எல்லையைத் தாண்டியதும் பிடித்து அடைத்தது கடலூர்ச் சிறையில்தான். டிசம்பர் நடுவில்தான் விட்டார்கள்.

"தனியா பஸ்ஸுல அனுப்புற வயசா மிஸ் இது? பதிமூணுதான் ஆகுது."

ஆம், இதுதான் வயது. ஆனால் ஒரே நாளில் இல்லை. முதல் தடவை நீங்களும் போங்கள். இரண்டாம் தடவையும் போங்கள், ஆனால் வாயைத் திறக்காதீர்கள். பஸ்ஸைப் பார்ப்பது, டிக்கெட் எடுப்பது, மீதிச் சில்லறை எண்ணுவது, இறங்கும் இடம் சொல்வது எல்லாம் பிள்ளை. தப்பான ஸ்டாப்பில் இறங்கினால் நீங்களும் கூடவே இறங்குங்கள். மூன்றாம் தடவை மஞ்சக்குப்பம் வரை தனியாக, கையில் போன் நம்பர் எழுதிய காகிதம். பெண்பிள்ளைகளுக்கு அரசு டவுன் பஸ்ஸில் காசே கிடையாது, பழக இதைவிட மலிவான வழி இல்லை.

மே கடைசியில் இரண்டு மூன்று பேராகச் சேர்ந்து பாண்டி போய்வரட்டும். இருபத்திச் சொச்சம் கிலோமீட்டர், பஸ்ஸுக்குப் பஞ்சமில்லை. ஈசுவரன் தர்மராஜா கோயில் தெருவில் பாரதியார் இருந்த வீடு நினைவில்லமாக இருக்கிறது, சிறைக் கதை அங்கே தொடங்குகிறது. பெருமாள் கோயில் தெருவில் பாரதிதாசன் வீடு. 1827-ல் தொடங்கிய ரோமன் ரோலண்ட் நூலகம், 1826-ல் தொடங்கிய தாவரவியல் பூங்கா, அப்புறம் கடற்கரைச் சாலை. இவ்வளவும் ஒரு நாளுக்கு அதிகம், இரண்டைப் பார்த்தால் போதும். நினைவில்லங்களுக்கு வார விடுமுறை உண்டு, முதல் நாளே விசாரித்துக்கொள்வதும் பிள்ளையின் வேலை.

"கடல்ல குளிக்கணும்னு ஒத்தக்கால்ல நிக்கிறான்."

காலை நனைக்கலாம். அதற்கு மேல் பெரியவர் ஒருவர், நீச்சல் தெரிந்தவர், பிள்ளையோடு தண்ணீருக்குள் நிற்காமல் கூடாது. கரையில் பஜ்ஜி சாப்பிட்டபடி பார்ப்பது கணக்கில் வராது. சில்வர் பீச்சில் அலை சாதாரணமாகத்தான் தெரியும், கீழே இழுப்பு இருக்கும். இழுப்பில் மாட்டினால் கரையை நோக்கி முட்டிமோதக் கூடாது, கரைக்கு இணையாகப் பக்கவாட்டில் நீந்தி இழுப்பிலிருந்து விலகி, பிறகு கரைக்குத் திரும்ப வேண்டும். முடியாவிட்டால் மல்லாந்து மிதந்து கையை ஆட்ட வேண்டும். இதைப் பிள்ளையையே ஒரு தடவை வாய்விட்டுச் சொல்லச் சொல்லுங்கள்.

கடலைவிட எனக்கு ஆறும் ஏரியும்தான் பயம். கடலுக்குப் போகும்போது நாமே எச்சரிக்கையாக இருக்கிறோம். அமைதியாகத் தேங்கிய தண்ணீரைப் பார்த்தால் யாருக்கும் பயம் வருவதில்லை. 2022 ஜூன் தொடக்கத்தில் நெல்லிக்குப்பம் அருகே கெடிலத்துத் தடுப்பணைப் பக்கம் குளிக்கப் போய் ஏழு பெண்பிள்ளைகள் மூழ்கினார்கள். ஒருவர் வழுக்க, பிடிக்கப் போனவர், அவரைப் பிடிக்கப் போனவர் என்றுதான் இப்படி ஆகிறது. மூழ்குகிறவரைக் காப்பாற்றப் பிள்ளைகள் தண்ணீரில் இறங்கவே கூடாது. கயிறு, துப்பட்டா, கம்பு, காலிக் குடம் எதையாவது நீட்டு அல்லது வீசு, கத்து, 108-க்குக் கூப்பிடு. நீச்சல் கற்க லீவு நல்ல காலம்தான், பயிற்சியாளர் உள்ள குளத்தில்.

"வெயில்ல ஆடிட்டு வந்து தலை சுத்துதுங்கிறா. என்ன குடுக்கலாம்?"

நிழல், விசிறி, கழுத்திலும் அக்குளிலும் ஈரத்துணி. குடிக்க உப்புப் போட்ட மோர் அல்லது இளநீர். வாந்தி, வயிற்றுப்போக்கு இருந்தால் ஓஆர்எஸ். பாக்கெட் இல்லையென்றால் காய்ச்சி ஆறிய ஒரு லிட்டர் தண்ணீருக்கு ஆறு தேக்கரண்டி சர்க்கரை, அரைத் தேக்கரண்டி உப்பு, தலை தட்டி அளக்க வேண்டும். உடம்பு கொதித்து, பேச்சு குழறினாலோ நினைவு தடுமாறினாலோ வீட்டு வைத்தியம் வேண்டாம், ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள்.

"மிஸ், செம போர் அடிக்குது. என்ன பண்றது?"

இது பிள்ளைகள் கேட்டது. பதில்: அடிக்கட்டும்டா. இரண்டு மூன்று நாள் அடிக்கும். அப்புறம் நீயே எழுந்து எதையாவது நோண்ட ஆரம்பிப்பாய்.

பெற்றவர்களுக்கு ஒரு வரி. "போர்" என்று சொன்னதும் கையில் போனைக் கொடுத்தால் அந்த மூன்று நாள் வராமலே போய்விடும்.

"நாள் முழுக்க போன்தான். புடுங்கினா கத்துறான், சாப்பிட மாட்டேங்கிறான்."

பிடுங்காதீர்கள். விளையாட்டின் நடுவில் பிடுங்கினால் யார்தான் கத்தமாட்டார்கள், நான் சீரியல் பார்க்கும்போது ரிமோட்டைப் பிடுங்கிப் பாருங்கள். முன்கூட்டியே பேசி இடத்தையும் நேரத்தையும் முடிவு செய்யுங்கள். எங்கள் வீட்டில் போன் கூடத்தில் மட்டும், வெயில் நேரத்தில் மட்டும். இரவு ஒன்பதரைக்கு எல்லாப் போனும் கூடத்து அலமாரியில் சார்ஜில் நிற்கும். எல்லாப் போனும் என்றால் அப்பாவுடையதும்தான். இந்த ஒன்று பல வீடுகளில் உடைவது அப்பாக்களால், மகன்களால் அல்ல.

என் மகன் எட்டாம் வகுப்பில் ஒரு விளையாட்டில் சட்டையும் துப்பாக்கியும் வாங்க என் போனிலிருந்து 450 ரூபாய் அனுப்பிவிட்டான். காய்கறிக் கடையில் நான் பின் நம்பர் அழுத்துவதைப் பார்த்தே மனப்பாடம் செய்திருக்கிறான். தப்பு பாதி என்னுடையது. அன்றே பின்னை மாற்றினேன், அந்தக் காசை அவன் மூன்று வாரம் மோர் மிளகாய் போட்டுத் தீர்த்தான். பணம் கட்டி ஆடுகிற சூதாட்டம் வேறு விஷயம், 2025-ல் வந்த மத்தியச் சட்டம் அதை நாடு முழுக்கத் தடைசெய்திருக்கிறது. யாரிடமாவது இணையத்தில் பணம் ஏமாந்தால் உடனே 1930 என்ற எண்ணுக்குக் கூப்பிடுங்கள். முகம் தெரியாத யாராவது படம் கேட்டு மிரட்டினால், திட்டமாட்டோம் என்று பிள்ளைக்கு முதலிலேயே வாக்குக் கொடுத்து வையுங்கள். திட்டு விழும் என்ற பயத்தில்தான் மறைக்கிறார்கள்.

"லீவுல சும்மாதானே இருக்கான், தெரிஞ்ச மெக்கானிக் ஷெட்டுல விடட்டுமா? தொழிலும் கத்துப்பான், காசும் வரும்."

பதினாலு நிரம்பாத பிள்ளையை வேலைக்கு வைப்பது சட்டப்படி குற்றம், லீவானாலும் சரி, தெரிந்தவரானாலும் சரி. பள்ளி நேரம் போக, அல்லது லீவில், சொந்தக் குடும்பத் தொழிலில் கூடமாட உதவலாம், ஆபத்தான வேலையாக இல்லாதவரை. எனவே அப்பாவின் மளிகைக் கடையில் கல்லாவுக்குப் பக்கத்தில் காலையில் இரண்டு மணி நேரம் உட்கார்ந்தால் தப்பில்லை. என்னிடம் பின்னம் வராத ஒரு பெண், கால் கிலோ பருப்பும் நூறு கிராம் கடுகும் நிறுத்து நிறுத்து ஒரே லீவில் பின்னத்தைப் பிடித்துவிட்டாள். நான் ஒரு வருடம் கரும்பலகையில் மல்லுக்கட்டியது அது.

பதினாலிலிருந்து பதினெட்டு வரை ஆபத்தில்லாத வேலைக்கு அனுமதி உண்டு. அதிலும் மூன்று மணி நேரத்துக்கு மேல் ஒரேயடியாகக் கூடாது, ஒரு மணி நேர ஓய்வு வேண்டும், எல்லாம் சேர்த்து ஆறு மணி நேரம், இரவு ஏழிலிருந்து காலை எட்டு வரை வேலையே கூடாது. ஷெட்டுக்காரரிடம் இதைச் சொல்லிப் பாருங்கள், அவர் முகத்திலேயே பதில் தெரிந்துவிடும். இஞ்சின் பிரிப்பதைப் பார்க்கத்தான் ஆசை என்றால் வாரம் ஒருநாள் நீங்களும் கூடப்போய் நில்லுங்கள்.

"வீட்டு வேலை சொன்னா காசு கேக்குறா. குடுக்கலாமா?"

தன் தட்டைக் கழுவ, தன் துணியை மடிக்கக் காசு இல்லை. பரணைச் சுத்தம் செய்வது போன்ற பெரிய வேலைக்குக் கொடுக்கலாம். பத்து வயது நிரம்பினால் அஞ்சலகத்தில் சொந்தப் பெயரில் சேமிப்புக் கணக்கு தொடங்கலாம், கையெழுத்தும் அதுவே போடலாம். படிவத்தை அதன் கையாலேயே நிரப்பச் சொல்லுங்கள். அப்படியே பதினைந்து முடிந்த பிள்ளைக்கு ஆதாரில் கைரேகை, கருவிழிப் பதிவைப் புதுப்பிக்கும் வேலையையும் லீவிலேயே முடித்துவிடுங்கள். ஸ்காலர்ஷிப் விண்ணப்பிக்கும் நேரத்தில் விரல் ரேகை ஒத்துவராமல் அலைகிறவர்கள் வருடத்துக்கு ஐந்தாறு பேராவது என் மாடிக்கு வருகிறார்கள்.

"பாட்டி ஊருக்கு அனுப்பிட்டா போதாதா?"

போதும், அதுவே பெரிய கொடுப்பினை. பண்ருட்டிப் பக்கம் பாட்டி இருந்தால் பலாவும் முந்திரியும் ஒரே சமயத்தில். 2011 டிசம்பர் கடைசியில் அடித்த தானே புயலில் அந்தத் தோப்புகள் எப்படிப் படுத்தன, எந்த மரம் அதற்குப் பின் வைத்தது என்று பாட்டியையே கேட்கச் சொல்லுங்கள். முந்திரிக் கொட்டையைப் பச்சையாக உடைக்க மட்டும் விடாதீர்கள். ஓட்டுப் பால் பட்டால் தோல் வெந்து கருகும், வாயில் வைத்தால் உதடு போச்சு. சுட்டு உடைப்பதும் பெரியவர்கள் வேலை.

ஒரு மாதம் முழுக்க அனுப்பாதீர்கள். பாட்டிக்கும் வயதாகிறது.

"வண்டி ஓட்டக் கத்துக் குடுக்கலாமா? எங்க தெருவுலேயே மட்டும்."

கூடாது. பதினாறு நிரம்பினால்தான் 50 சிசிக்கு மேற்படாத கியர் இல்லாத வண்டிக்கே உரிமம். மற்றதற்குப் பதினெட்டு. பிடிபட்டால் பெற்றவருக்கு மூன்று வருடம் வரை சிறை, 25,000 ரூபாய் அபராதம், பிள்ளைக்கு இருபத்தைந்து வயது வரை உரிமம் கிடையாது. தெருவும் சாலைதான். மேலே சொன்ன வரைபடத்துக்குச் சைக்கிள் போதும்.

"பொண்ணு வயசுக்கு வந்துட்டா. பஸ்ஸு, நூலகம்னு நீங்க சொல்றதெல்லாம் பையனுக்குச் சரி. இவளை எப்படி வெளியில விடுறது?"

இந்தக் கேள்வியை அம்மாக்கள் குரலைத் தாழ்த்திக் கேட்கிறார்கள். பயம் பொய்யில்லை, நானும் பெண் பிள்ளையாக இருந்தவள்தான். ஆனால் லீவு நாற்பது நாளும் அவள் வீட்டுக்குள், அண்ணன் தம்பி வெளியில் என்றால், கல்லூரிக்குப் போகும்போது அவளுக்கு ஊர் தெரியாது, அவனுக்கு அடுப்பு தெரியாது. பஸ் பழக்குவதில் சொன்ன மூன்று படியை இவளுக்கு ஐந்து படியாக நீட்டுங்கள். தோழியோடு போகட்டும், வெளிச்சம் இருக்கும்போதே திரும்பட்டும், போகும் இடமும் திரும்பும் நேரமும் சொல்லிவிட்டுப் போகட்டும். இதே விதியை மகனுக்கும் வையுங்கள், அப்போதுதான் அவள் அதை விதியாக எடுத்துக்கொள்வாள், தண்டனையாக அல்ல.

யாராவது பின்னால் வந்தால், தொட்டால், கத்து, பக்கத்துக் கடைக்குள் போய் நில், வீட்டில் சொல் என்று பழக்குங்கள். அவள் வந்து சொல்லும்போது "நீ ஏன் அந்தப் பக்கம் போனே" என்று கேட்டுவிடாதீர்கள். அடுத்த முறை சொல்லமாட்டாள். 1098 குழந்தைகளுக்கான உதவி எண், பகல் இரவு எப்போதும் எடுப்பார்கள். பிள்ளைகளே கூப்பிடலாம்.

"நாங்க ரெண்டு பேருமே சிப்காட்ல ஷிப்ட்டு. பகல்ல வீட்டுல தனியாத்தான் இருக்கணும்."

பதிமூன்று, பதினாலில் நாலு மணி நேரம் தனியாக இருக்கலாம். எட்டு மணி நேரம் நீளம். தெருவில் உங்களைப் போலவே மூன்று வீடாவது இருக்கும். நாளுக்கு ஒரு வீடு என்று மதியச் சாப்பாட்டைப் பங்கு போட்டுக்கொள்ளுங்கள், எங்கள் தெருவில் இரண்டு வருடமாக நடக்கிறது. சாவி ஒன்று பக்கத்து வீட்டில். காஸ் ரெகுலேட்டரை மூடத் தெரிந்திருக்க வேண்டும். அம்மா அனுப்பியதாகச் சொல்லி யார் வந்தாலும் கதவைத் திறக்கக் கூடாது, போன் செய்து கேட்ட பிறகுதான். இவர்களுக்கு நூலகம் இரட்டை லாபம், நிழலும் உண்டு, பெரியவர்களின் கண்ணும் உண்டு.

"பத்தாவது போறா மிஸ். லீவுல பாடத்தை ஆரம்பிச்சாத்தானே முந்திக்க முடியும்?"

பத்தாம் வகுப்புப் பாடத்தை மே மாதத்தில் தொடங்கியவர்களும் ஜூனில் தொடங்கியவர்களும் என் மாடியில் உட்கார்ந்திருக்கிறார்கள். பொங்கலுக்குள் வித்தியாசம் தெரிவதில்லை. வித்தியாசம் தெரிவது ஒன்பதாம் வகுப்பில் ஓட்டை வைத்தவர்களிடம். காரணிப்படுத்தல் கைவராமல் பத்தாம் வகுப்பு இயற்கணிதம் நகராது. ஆயத்தொலை வடிவியலும் முக்கோணவியலும் அப்படித்தான். எனவே காலையில் ஒரு மணி நேரம், பழைய ஒன்பதாம் வகுப்புப் புத்தகம், இந்த மூன்று மட்டும், மே மூன்றாம் வாரத்திலிருந்து. தமிழ், ஆங்கிலத்துக்கு நாள்தோறும் பத்து வரி டைரி. கையெழுத்தும் வேகமும் தானாக வரும். புதுப் புத்தகத்துக்கு அட்டை போடுவதைத் தவிர வேறு எதுவும் வேண்டாம்.

"நீங்க சொல்றது எல்லாம் மாச சம்பளக்காரங்களுக்கு. எங்களுக்கு இப்ப தடைக்காலம், கையில ஒன்னும் இல்ல."

தேவனாம்பட்டினத்திலிருந்து வரும் ஒரு அம்மா கேட்டது. ஏப்ரல் 15-லிருந்து ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகு கடலுக்குப் போகக் கூடாது. பள்ளி லீவும் அந்த வீட்டில் காசில்லாத காலமும் ஒன்றாக வருகின்றன. அந்தக் கேள்விக்கு அன்று என்னிடம் பதில் இல்லை. அடுத்த வாரம் நானே துறைமுகப் பக்கம் போய்ப் பார்த்துவிட்டு வந்த பிறகுதான் சொன்னேன்.

வருடம் முழுக்க விடிவதற்கு முன் போய்விடும் அப்பா, இந்த இரண்டு மாதம்தான் பகலில் கரையில் இருக்கிறார். படகு பழுது பார்ப்பதும், பெயிண்ட் அடிப்பதும், வலை பின்னுவதும் கண் முன்னால் நடக்கிறது. எந்த மீனுக்கு எந்தக் கண்ணி அளவு, நீரோட்டம் எந்த மாதம் எந்தப் பக்கம், 2004 டிசம்பர் 26 காலையில் தண்ணீர் எதுவரை வந்தது, இதையெல்லாம் பிள்ளை ஒரு நோட்டில் எழுதினால் அதுதான் நான் மேலே சொன்ன "ஒரு வேலை". அந்தப் பையன் எழுதினான். முப்பத்து நாலு மீன் பெயர், பக்கத்திலேயே படம். அதில் பதினொன்று எனக்குத் தெரியாது. மற்ற பிள்ளைகளை ஒரு காலையில் கூட்டிப்போய்க் காட்டினேன், அவன் அப்பாதான் அன்று வாத்தியார்.

"லீவு முடிஞ்சு என்ன கேப்பீங்க மிஸ்? இப்பவே சொல்லிடுங்க."

பள்ளி திறக்கும் வாரத் திங்கட்கிழமை மாலை ஐந்தரைக்கு மாடி திறந்திருக்கும். முதல் நாள் நோட்டு, ஜியோமெட்ரி பாக்ஸ் எதுவும் வேண்டாம். வரைந்த ஊரைச் சுருட்டி எடுத்து வாருங்கள். தரையில் விரித்துப் பார்க்க இடம் ஒழித்து வைத்திருப்பேன்.